பத்து வினாடி நடவு

போன வாரம் என் போனில் அனிமேஷன் செய்யும் ஆப் ஒன்றைப் போட்டேன். "படமே வரையத் தெரியாதவர்களுக்கும் எளிது" என்று அதன் முகப்பிலேயே எழுதியிருந்தது. நமக்கென்றே எழுதியது போலிருக்கிறதே என்று சந்தோஷமாகத் திறந்தால், முதல் பக்கத்திலேயே பதினான்கு பொத்தான்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன், இதை வெளியில் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த ஆப்பைப் போட்டதே.

முதல் பாடம் பந்து. மேலே ஒரு பந்து, கீழே ஒரு பந்து வரைந்தால் போதும், நடுவில் வரவேண்டிய பந்துகளை அதுவே போட்டுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் ஒவ்வொன்றாக வரைந்து செத்தோமே என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு எதையோ அழுத்தினேன். என்னவென்று கேட்காதீர்கள், இரண்டு அம்புக்குறி ஒன்றையொன்று துரத்துவது போன்ற படம். கீழே விழுந்த பந்து எழுந்து மேலே போய்விட்டது. அது தரையிலிருந்து கிளம்புகிறதா, தரைக்கு வருகிறதா என்று கொஞ்ச நேரம் எனக்கே புரியவில்லை. இப்படி முழித்தது இது முதல் தடவை இல்லை. முன்பொரு முறை முழித்து, அதன் பலனை இன்னும் அனுபவிக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்த சாருக்கும் அந்த மென்பொருள் புதுசு. உதவிப் பக்கத்தைத் திறந்து, "வாங்க, சேர்ந்தே பாப்போம்" என்பார். சேர்ந்தே பார்த்தோம், சேர்ந்தே குழம்பினோம். மாடிக்குப் போகிற படியில் கீழ்க்கடை காபித்தூள் அரைக்கிற வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது காபி அரைபட்டால் எனக்கு ஃபைலைச் சேமித்தோமா என்ற பதற்றம் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. அம்மா நடவுக்குப் போகிறவள். வெறுமனே போகிறவள் இல்லை, பன்னிரண்டு பெண்கள் கொண்ட செட்டுக்கு அவள்தான் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பேர், எந்த மூலையிலிருந்து தொடங்குவது, நாற்று முற்றிவிட்டதா என்பதெல்லாம் அவள் வாக்கு. மிராசுதார் வரப்பில் நின்று நெருக்கி நடச் சொன்னால், "உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எறங்கி நடுங்க" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லுவாள். வீட்டிலும் அப்படித்தான். ரசம் கொதிக்கலாமா கூடாதா என்பதில் தொடங்கி ஊரில் யாருக்கு யாரைக் கட்டலாம் என்பது வரை அவளுக்கு ஒரு தீர்ப்பு இருக்கும். எனக்குச் சில நாள் மூச்சு முட்டும்.

ஆனால் என்னை மட்டும் வயலில் இறங்க விட்டதே இல்லை. சின்ன வயதில் ஒரு தடவை சேற்றில் காலை வைத்தபோது முதுகில் ஒன்று விழுந்தது. "இந்தச் சேறு என்னோட போகட்டும். நீ போயி படி." அதனால் நடவு நடும் ஊரில் நடவுக்காரி மகளாகப் பிறந்தும், நடவை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

படிப்பு முடிகிற சமயம் சென்னையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். பள்ளிப் பாடங்களைச் சிடியில் போட்டுத் தருகிற கம்பெனி. பத்து வினாடி ஓடுகிற மாதிரிப் படம் அனுப்ப வேண்டும், தலைப்பு விவசாயம். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்குத் திருப்பூர்தான், பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் டிராக்டர் வரைந்தார்கள். நான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடவு வரையலாம் என்று முடிவு செய்தேன். வீட்டிலேயே ஆள் இருக்கிறதே.

"அம்மா, நடவு எப்படி நடுவீங்க, ஒரு தடவ செஞ்சு காட்டு."

"வீட்லயா? உனக்கென்ன கிறுக்கா?" என்றாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்கு கொஞ்சம் உருவி நாற்றுக் கட்டை, முடி என்பார்கள், பிடிப்பது போல இடது கையில் பிடித்துக்கொண்டாள். அடுப்பை ஒட்டிக் குனிந்து, வலது கையால் இரண்டு மூன்று ஈர்க்காகப் பிரித்துத் தரையில் வைத்து வைத்து, வாசல் வரைக்கும் பின்னாலேயே நகர்ந்தாள். நான் நோட்டில் வரைந்தேன். "நிறுத்தும்மா" என்றால் அப்படியே நிற்பாள். முதுகு வலிக்குமே என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்று நாள் சாயங்காலம் இப்படிக் காட்டினாள். யாராவது எட்டிப் பார்த்தால், "எம்மவ என்னையப் படம் போடுறா, அப்பறம் வா" என்று விரட்டுவாள்.

நூற்றிருபது படங்கள். வினாடிக்குப் பன்னிரண்டு. மௌஸால் வரைவது சோப்புக்கட்டியால் வரைவது மாதிரிதான். அந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று இருந்தது. புதுப்படம் வரையும்போது அதற்கு முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்துக் கையைக் கொஞ்சம், காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். படம் முடிந்து ஓட்டிப் பார்த்தபோது வெறும் தண்ணீராக இருந்த வயலில் அம்மாவைப் போன்ற ஒருத்தி பின்னால் நகர நகர, அவள் முன்னால் பச்சை வரிசை வந்துகொண்டே இருந்தது. சார் எழுந்து வந்து மூன்று தடவை பார்த்தார். அனுப்பிவிட்டோம்.

மறுநாள் மத்தியானம் சென்டருக்குப் போன் வந்தது. அந்தக் கம்பெனியில் படங்களைப் பார்த்துத் தேர்வு செய்கிறவர். "டிராயிங் நல்லா இருக்கும்மா. ஆனா ஃபைல் ரிவர்ஸ்ல ஓடுது. அந்தம்மா பின்னாடியே போறாங்க பாருங்க."

"இல்ல சார், நடவுல..." என்று ஆரம்பித்தேன்.

"யாராச்சும் பின்னாடி நடந்துக்கிட்டே வேல செய்வாங்களாம்மா? செக் பண்ணுங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துட்டா லிஸ்ட்ல சேத்துடுறேன்."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் குழப்பம் பிடித்தது. நிஜமாகவே நடவில் பின்னால்தான் போவார்களா? பஸ்ஸில் பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவந்தேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் மரம், மாடு, மனிதர் எல்லாமே பின்னால்தான் போகும். அதை நம்ப முடியாது. அம்மா பின்னால் நகர்ந்தாள், சரி. ஆனால் அடுப்போரம் தொடங்கியதால் அப்படி நகர்ந்தாளோ? எங்கள் வீடு இருக்கிற அகலத்தில் வேறெப்படி நகர்வது? சென்டர் நடுவில் குனிந்து நின்று கையை ஆட்டியபடி முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி வைத்துப் பார்த்தேன். டைப்பிங் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சாரைக் கேட்டேன். அவருக்குச் சொந்த நிலமே இருந்தது, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். "கம்பெனிக்காரங்க சொன்னா ஏதாவது இருக்கும்மா" என்றார். அம்மாவைக் கேட்கலாம் என்றால் வீட்டில் போன் கிடையாது. அவள் அந்த நேரம் ஏதோ ஒரு வயலில் இருப்பாள், பஸ்ஸில் போய்த் தேடிக் கேட்டுத் திரும்ப ஐந்து மணி ஆகாதா?

மெனுவில் படங்களைத் தலைகீழ் வரிசையாக்க ஒரே ஒரு வரி இருந்தது. அழுத்தினேன். காலை மட்டும் பார்த்தேன். கால் அழகாக முன்னால் நடந்தது. அனுப்பினேன். "இப்பத்தான் நேச்சுரலா இருக்கு" என்றார் போனில். வேலை கிடைத்தது.

அந்தப் பத்து வினாடி என் முதல் பாட சிடியிலேயே சேர்ந்தும்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பிரதி கொண்டுபோனேன். அம்மா தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். சிடி பிளேயர் இருந்த வீட்டில் அவள் செட்டுப் பெண்கள் அத்தனை பேரும் குளித்துப் பூ வைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா டிவிக்கு நேர் முன்னால். படம் ஓடியது.

முதலில், அம்மாவோடு இருபது வருஷமாக நடவுக்குப் போகிற மல்லிகா அக்காதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னக்கா இது! உன் மவ படத்துல நட்ட நாத்தையெல்லாம் நீ புடுங்கிக்கிட்டுப் போறியே!"

அப்போதுதான் நான் கையைப் பார்த்தேன். வெறுங்கை சேற்றுக்குள் போய் நாற்றோடு வெளியே வந்தது. இடது கையில் நாற்று முடி பெருத்துக்கொண்டே போனது. பச்சையாக இருந்த வயல் வெறுந்தண்ணியாகிவிட்டது. "மின்னாடி போனா நட்டத நாமளே மிதிக்க மாட்டோமா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, நல்ல நாளும் அதுவுமாகச் சிரிக்க ஒன்று கிடைத்தது. நானும் சிரித்து வைத்தேன். அம்மா மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருவில் நின்றாள். "நாந்தான் தப்பா காட்டிட்டனாடி?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. திட்டுவாள், மானம் போச்சு என்பாள் என்று காத்திருந்தேன். நீ சரியாகத்தான் காட்டினாய், நான்தான் திருப்பிப் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏன் திருப்பினாய் என்று கேட்பாளே. நடவுக்காரி மகளுக்கு நடவு தெரியவில்லை, எவரோ போனில் சொன்னதை நம்பி உன்னை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? "அதெல்லாம் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்" என்றேன்.

"அப்படியா" என்றாள்.

மறுநாள் குழாயடியில் மல்லிகா அக்கா மறுபடி ஆரம்பித்தபோது அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. "படிச்ச புள்ள தெரியாமயா செய்யும்? கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்டி. நமக்கென்ன தெரியும்?"

நமக்கென்ன தெரியும் என்று அம்மா சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியிலும் சொல்லவில்லை. புது வேலை, பயம். எத்தனை ஊர்ப் பிள்ளைகள் நாற்றைப் பிடுங்குவதுதான் நடவு என்று படித்துத் தேறினார்களோ.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. சிடி போடும் பெட்டியும் யார் வீட்டிலும் இல்லை. அந்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரோடு போனது என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் இப்போது பாதி வயலில் மெஷின் நடுகிறது. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. முதுகு ஒடியக் குனிய வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மிராசுதாரை வயலில் இறங்கச் சொன்ன அந்த அம்மா எங்கே போனாள் என்பதுதான் புரியவில்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ரசத்துக்கு உப்பு போதுமா என்று என்னைக் கேட்கிறாள். வயதானால் எல்லோரும் இப்படித்தான் ஆவார்களா, இல்லை அந்தப் பொங்கலில் ஆரம்பித்ததா? பல வருஷம் கழித்து ஒருநாள் தைரியமாக உண்மையைச் சொன்னேன். "அப்படியா? எனக்கு நெனப்பில்லையே" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காக மறந்தாளா, அதுவும் தெரியவில்லை.

போன மாதம் முட்டி வலி என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அம்மாவின் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "படி ஏறும்போது வலிக்குதாம்மா, எறங்கும்போது வலிக்குதா?" என்று கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப வலிக்குது? நீ சொல்லு."