நூற்றுப்பன்னிரண்டாம் படி

கட்டளையைக் கணினியில் அடிப்பதற்கு முன் முரளிதரன் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார். எழுதிய வரியை விரலால் தொட்டுப் படித்த பிறகே கீபோர்டில் கை வைப்பார். இணையத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. "ஒட்டினா கை வேலை செய்யும், மண்டை தூங்கிடும்."

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு லாட்ஜில், மாடிப்படிக்கு அடியில், தலையணை மூட்டைகளுக்கு நடுவே அந்த சர்வர் இருக்கிறது. நாற்பத்திரண்டு அறைகளின் முன்பதிவும் அதில்தான். லினக்ஸில் ஓடும் அந்தப் பெட்டியைப் பத்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர் முரளிதரன். வயது நாற்பத்தாறு. போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். சாப்பிடும்போது இடது கையால்.

நோட்டின் ஒவ்வொரு பக்கமும் 'முதல்ல நம்ம வாசல்' என்று தொடங்குகிறது. கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சர்வரை ஒருமுறை இங்கிருந்தபடியே சரிசெய்தார். தான் நுழையும் வழியைத் திறந்து வைக்காமல் ஃபயர்வாலை இயக்கிவிட்டார். அது எல்லோரோடும் சேர்த்து அவரையும் வெளியே தள்ளியது. பஸ் பிடித்துப் போய், மேளச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து திறந்தார். "மாப்ள வூட்டு ஆளுன்னு நெனச்சி பந்தியில குந்த வச்சிட்டாங்க."

ஊர் நிரம்பும் ஆடிக் கிருத்திகையன்றுதான் லாட்ஜ் சர்வர் நின்றுபோகும். சென்ற ஆண்டு பூக்காவடியோடு மலையேறிக்கொண்டிருந்தார். நூற்றுப்பன்னிரண்டாம் படியில் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. காவடியைக் கீழே வைக்கக் கூடாது. அக்காள் கணவரின் தோளுக்கு மாற்றிவிட்டு இறங்கி வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, முதல் படிகூட ஏறவில்லை.

"வேண்டிகினது நீ, தூக்கினு போனது உங்க பாவா. முருகன் யாரு பேர்ல எழுதிப்பாரு?" என்று கேட்கிறார் வரவேற்பு மேசையில் இருக்கும் புவனா. முரளிதரனைவிட ஐந்து வயது மூத்தவர்.

இந்த ஆண்டு கிருத்திகைக்கு நான்கு நாள் முன்னால், சர்வரை நிர்வகிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை அதில் நிறுவினார். இனி கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றது ஓடும். ஃபயர்வாலில் முதலில் தன் வழி, பிறகு புவனாவின் வழி. புவனாவுக்குத் தனிக் கடவுச்சொல். தன் வழி அடைபடவில்லையே என்று, பழைய இணைப்பை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறந்து பார்த்தார். திறந்தது.

"அக்கா, இப்ப நானே நிறுத்தறேன். நீங்க ஓட வைங்க."

முன்பதிவுப் பக்கம் மறைந்தது. புவனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதிய மென்பொருளின் பக்கத்தைத் திறந்தார். இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல என்றது பிரவுசர்.

"இன்னாடா, பயமுறுத்துது?"

"ஆங், அப்டித்தான் சொல்லும். நம்ம பெட்டிதான்க்கா, உள்ள போங்க."

முரளிதரனின் விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தன. சர்வரில் ஓடுபவற்றின் பட்டியலில் புவனா வேறொரு பெயரை அழுத்தப் போய், நிறுத்தி, கீழே இறங்கினார்.

"எம் மூஞ்சியவே பாத்துகினு நிக்காத. போய் டீ குடி."

அவர் போகவில்லை. புவனா அழுத்தினார். நாற்பத்திரண்டு அறைகளும் திரைக்குத் திரும்பின.

கிருத்திகையன்று காலை முரளிதரன் மஞ்சள் வேட்டியோடு லாட்ஜுக்கு வந்தார். காவடி வெளியே அக்காள் கணவரிடம் இருந்தது. மேசையைச் சுற்றி அறை கேட்பவர்களின் கூட்டம். புவனா நிமிரவில்லை. முரளிதரன் இடுப்பிலிருந்து போனை எடுத்து, புவனாவின் மேசை இழுப்பறையில் சாவிகளுக்கு நடுவே வைத்து மூடினார்.