மச்சானின் ஈறும் நீலச் சாயமும்

என் அக்காவின் கணவர் கப்பலூரில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, வேப்பம்பட்டையும் கிராம்பும் அரைத்துப் பற்பசை செய்யத் தொடங்கியது 1979 வைகாசியில். முதல் நாள் பசையின் நிறம் ‘குளத்துப் பாசி’ என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. கீழமாசி வீதி மொத்த வியாபாரி பாய் ஒருவர் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் அவருக்கு மென்மையான ஈறு. பசை ஈறைச் சாகடிக்காது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். அவர் எடுக்காவிட்டால் ஆடியில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

உயிரணுக்களைப் பற்றி இரண்டு புத்தகம் படித்திருந்த தெம்பில் சோதனையை நான் ஏற்றேன். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த நண்பர், நுண்ணோக்கியும் ஒரு குப்பி நீலச் சாயமும் கொண்டுவந்தார். உயிருள்ள அணு அந்தச் சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும். மச்சான் பத்து நாள், நாளுக்கு ஆறு வேளை பல் துலக்கினார். அறுபது வேளையையும் மணி நிமிடத்தோடு குறித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து பாய் வந்தார். மச்சானின் ஈறை ஐஸ் குச்சியால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் விட்டுக் குனிந்து பார்த்தேன்.

“எம்புட்டு செத்திருக்கு மாப்ள?” என்றார் மச்சான்.

“அம்புட்டும், மச்சான்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு கிராம்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பாய், “அப்ப நான் வாரேன்ப்பா” என்று செருப்பைத் தேடினார்.

பசை படாத ஈறு ஒன்றையும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயை நிறுத்தி, என் ஈறைச் சுரண்டினேன். நீலம். நண்பருடையது, நீலம். பாயும் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். அவருடையதுதான் இருப்பதிலேயே அடர்ந்த நீலம்.

“யா அல்லா! நான் மௌத்தாகி எம்புட்டு நாளாச்சு?”

நண்பர் தலையைச் சொறிந்தார். “சுரண்டுனா வர்றது மேல்தோலுண்ணே. அது எல்லாருக்கும் தானா செத்து உதிர்றதுதான்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றேன்.

“நீங்க மைக்ராஸ்கோப்பு மட்டும்தானேண்ணே கேட்டீங்க?”

பாய் ஒரு விரல் பசையை எடுத்து ஈறில் தேய்த்தார். நுண்ணோக்கியின் சின்னக் கண்ணாடியில் பல்லை இளித்துப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

“எரியல. செத்தத இது இன்னும் என்ன செஞ்சிறப் போவுது? இருபது டஜன் அனுப்புங்க.”