நான் மாற்றாத விடை

எங்கள் சிங்கப்பூர்ப் பள்ளியில் உயர்நிலை மூன்றாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் கட்டாயம். சாப்பிட்டு முடித்துக் கண் சொக்கும் நேரத்தில்தான் அதை வைப்பார்கள். உடற்பயிற்சி எடுக்கும் பி.ஈ. டீச்சர்தான் அதையும் எடுப்பார். திடலில் விசில் ஊதும்போது அவரிடம் இருக்கும் உற்சாகம், வகுப்பில் ஸ்லைடைத் தள்ளும்போது எங்கே போகுமோ தெரியாது. காய்கறி சாப்பிடு, சீக்கிரம் தூங்கு, சீனியைக் குறை. தொடக்கப்பள்ளியிலிருந்து இதையேதான் கேட்கிறேன். போதுமடா சாமி என்றிருக்கும்.

அன்று மாதவிடாய் பற்றிய பாடம். பையன்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாதாமாதம் முதல் நாள் என்னால் நிற்கவே முடியாது. வாந்தி வரும், கழிவறைத் தரையில் சுருண்டு கிடப்பேன். அதற்கு என்ன செய்வதென்று இங்கேயாவது சொல்வார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். கையைத் தூக்கிக் கேட்டேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "நார்மல் லா, எல்லா கேர்ள்ஸுக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு பயிற்சித்தாள். 'மாதவிடாய் வலி இயல்பானது, தாங்கிக்கொண்டால் போதும். சரியா, தவறா?' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை அழுத்தித் 'தவறு' என்று எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. திருத்தி எழுதித் தா என்றார் டீச்சர். மாட்டேன் என்றேன். அன்று மாலையே வீட்டுக்குப் போன் வந்துவிட்டது.

"ஒரு கேள்விக்கு என்னடி இவ்ளோ வீம்பு? டீச்சர் சொன்ன மாதிரி எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் அம்மா.

"அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யாம்மா?"

"மெதுவா பேசு. அப்பா ஹால்ல இருக்காரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் பெரியவளானபோது இதே அம்மாதான் தேக்கா கடைத்தெருவில் பட்டுச்சேலை எடுத்து, சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தோரணம் கட்டி, ஆளுயரத்துக்கு என் படத்தை வைத்து, ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டார். மின்தூக்கியில் பார்க்கிற எல்லாருக்கும் விஷயம் தெரியும். வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாதாம்!

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தாங்கிக்கோன்னு டாக்டர் சொல்லட்டும், மறுநாளே மாத்தி எழுதிடுறேன். அதுவரைக்கும் மாட்டேன்."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். டீச்சர் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாளைக் கேட்டார். நான் அசையவில்லை. அடுத்த மாதம் நான் கழிவறையில் கிடந்தபோது அம்மா கதவுக்கு வெளியிலேயே வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு, "எழுந்திரு, போலாம்" என்றார்.

பாலிகிளினிக் கவுண்டரில் கண்ணாடியோடு ஒட்டிக் குனிந்து, "லேடீஸ் ப்ராப்ளம்" என்று முணுமுணுத்தார். உள்ளே இருந்த பெண்ணுக்குக் காதில் விழவில்லை. "பீரியட் வலி! நிக்க முடியல!" என்று வரிசைக்கே கேட்கும்படி நான் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு வலியை யாரும் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, காரணம் என்னவென்று பார்த்துவிடலாம் என்றார். வலிக்கு மருந்தும் ஸ்கேனுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மருந்துக்குக் காத்திருக்கும்போது, "பாத்தீங்களா, நான்தான் சரி" என்று குத்திக்காட்டத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் அம்மா இல்லை. வாசலருகே பதிவு இயந்திரத்தின் முன்னால் தன் அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்கும்மா நம்பர்?"

"எனக்குத்தான்டி. உன் வயசுலேருந்து எனக்கும் இப்படித்தான். எல்லாருக்கும் இருக்கிறதுதான்னு சொல்லிட்டாங்க, நானும் நம்பிட்டேன்."

சீட்டை உருவிக்கொண்டு கவுண்டருக்குப் போனார். இந்தத் தடவை அவர் குனியவில்லை.