வேர் விடாத முள்ளுக்கீரை

முதுகலைப் படிப்புக்காக நான் விதை பொறுக்கிய காலம் அது. எங்கள் ஊர் சுங்கை வேயில் ஒரு பழைய தொழிற்சாலையின் பின்பக்கக் கால்வாயோரம் முள்ளுக்கீரை தானாகவே மண்டிக் கிடந்தது. மண்ணில் ஈயம் கலந்தால் காட்டுச் செடியின் விதைக்கு என்ன ஆகும் என்பதுதான் என் ஆய்வு. கையில் முள் குத்த, காய்ந்த கதிர்களை உருவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னம்மா, பட்டப்பகல்ல கீரை திருடுறியா?"

எதிர்வீட்டு ஆன்டி. இடுப்பில் கூடை.

"இல்ல ஆன்டி, விதை மட்டும்தான்."

"விதைய நீ எடுத்துட்டா, அடுத்த மாசம் எனக்குக் கீரை ஏது லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதையா சமைக்கிறீங்க? இந்த மண்ணுல ஈயம் இருக்கலாம், ஆன்டி."

"பத்து வருஷமா சமைக்கிறேன். அங்கிள் குத்துக்கல்லு மாதிரி இருக்காரு, போ!"

மண் சோதனை முடிவு வந்தது. ஈயம் இருந்தது. தாளைக் காட்டினால் ஆன்டி நம்பமாட்டார் என்று தெரியும். அதனால் அந்த மண்ணை ஊறவைத்து வடித்துச் சுண்டக் காய்ச்சிய நீரில் கொஞ்சம் விதையும், குழாய்நீரில் கொஞ்சம் விதையும் முளைக்கவிட்டு, இரண்டு தட்டுகளோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஆன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குழாய்நீர்த் தட்டில் வெள்ளை வேர்கள் நூல்நூலாக ஓடியிருந்தன. மற்றதில் பாதி விதை கண்ணே திறக்கவில்லை.

"முளைச்சதுக்கும் வேரைக் காணோமே?"

"விதைக்குள்ள இருக்கற சாப்பாட்டை வச்சு முளைச்சிடும் ஆன்டி. வேர் வெளிய வந்து இவ்வளவு ஈயத்தைத் தொட்டதும் அப்படியே நின்னுடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மெல்ல, "அங்கிளுக்குத்தான் நிறைய போட்டேன்" என்றார்.

மறுநாளே இருவரையும் என் காரில் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். ஒரு வாரத்தில் முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கிறது, மருந்து வேண்டாம், அந்தக் கீரையை மட்டும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை அங்கிள் எனக்குப் போன் செய்து மூன்று முறை நன்றி சொன்னார். உயிரைக் காப்பாற்றியதற்காக என்று நினைத்தேன்.

"அதில்லம்மா. எனக்கு அந்தக் கீரை பிடிக்கவே பிடிக்காது. பத்து வருஷமா சொல்லப் பயந்துகிட்டு இருந்தேன்."

மறுவாரம் ஆன்டி, கீரை இல்லாமல் அங்கிள் ஏங்கிப்போவாரே என்று, காய்கறிப் பாசாரிலிருந்து நான்கு கட்டு தண்டுக்கீரை வாங்கி வந்தாராம்.