விளக்கு எரிந்த நேரம்

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை. ஏதென்ஸிலிருந்து இருபத்தைந்து யூரோ டிக்கெட்டில் வந்த பேருந்து என்னைக் கலமாட்டாவில் இறக்கிவிட்டது. யாங்கூனை விட்டு முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. எலெனி காரோடு காத்திருந்தாள். தபால் நிலைய ஊழியர், அந்துப்பூச்சிப் பைத்தியம்; இணையத்தில் பூச்சிப் படங்கள் அனுப்பியே நாங்கள் சிநேகிதமானோம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள் என்பதால் பர்மிய வழக்கப்படி, அக்கா என்ற பொருளில் 'மா எலெனி' என்றேன்.

அவள் வீட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் மலைப்பாதை. வறண்ட ஓடை நெடுக அரளி. யாங்கூனில், தாகேதா பகுதியில் எங்கள் வாசலில் அம்மா பூஜைக்குப் பறிக்கும் அதே அரளி. வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

மாலை நான்கு. எலெனியின் பொறி ஒரு வாளி. மேலே பேட்டரி விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் அட்டை மடிப்பில் ஒடுங்கும். விடிந்ததும் எண்ணிப் பறக்கவிடுவாள். பதினொரு வருடம், ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. விளக்கு எரிந்த நேரத்தையும் நோட்டில் எழுதுவாள்.

அவள் கடைக்குப் போயிருந்தபோது, கொட்டகையில் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இருந்தது ஒரே பிளக். கை யோசிக்கவே இல்லை. பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, என் மூன்று முனை சார்ஜரில் போன், டார்ச், பவர்பேங்க் எல்லாவற்றையும் மாட்டினேன். கரண்ட் இருக்கும்போதே நிரப்பிக்கொள்வதுதான் யாங்கூன் பழக்கம். திரும்பி வந்த எலெனி, பேட்டரி நிரம்பிவிட்டதென்று நினைத்து எடுத்துப்போனாள்.

சனி, காலை ஐந்தரை. விளக்கு அணைந்து கிடந்தது. உள்ளே ஒன்பதே பூச்சிகள்.

"கிழட்டு பேட்டரி! திங்கட்கிழமை தூக்கிப் போடுகிறேன்."

தலையாட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் நோட்டைத் திறந்து 'பேட்டரி பழுது' என்று எழுதப் போனாள்.

"பழுதில்லை மா எலெனி. நிரம்புமுன் நான்தான் பிடுங்கினேன்."

"எதற்கு?"

"கரண்ட் போய்விடுமோ என்று..."

"இங்கே எப்போது போயிற்று?"

"எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வரும். சில நாள் அதுவும் வராது."

"என் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் பொறி வைத்தேன், தெரியுமா?" அவள் முகம் சிவந்தது. நோட்டை என்னிடம் தள்ளினாள். "கெடுத்தது நீ. நீயே எழுது. எரிந்த நேரம்: தெரியாது. காரணம்: விருந்தாளி."

எழுதி முடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் கிளம்பும்வரை பேட்டரிப் பக்கமே என்னை விடவில்லை. ஆனால் எனக்காகத் திங்கள் இரவும் பொறி வைத்தாள்; செவ்வாய்க்கிழமை விடியலில் அட்டை மடிப்பில் கையகலப் பச்சைப் பூச்சி ஒன்று. எங்கள் அரளியில் நான் புழுவாக மட்டுமே பார்த்திருந்த இனம். அந்தக் காலையின் காப்பி மணம் இன்னும் போகவில்லை.

இப்போது தாகேதா. மாலை 7.10. "மீ லா பீ!" கரண்ட் வந்துவிட்டதென்று தெருவே கத்துகிறது. எல்லோரும் பிளக்குக்கு ஓட, நான் அரளிக்கு எதிரே வெள்ளைத் துணி கட்டி பல்பைப் போடுகிறேன்.

"அடியே, மொதல்ல மோட்டரப் போடுடி! குளிக்கத் தண்ணியில்ல, பூச்சிக்கு வெளக்கு காட்டுறாளாம்!" என்கிறார் அம்மா.

மோட்டரையும் போட்டேன். துணியில் நான்கு பூச்சிகள்; பச்சை இல்லை. கரண்ட் போய்த் தெரு இருண்டதும் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதி, படமெடுத்து எலெனிக்கு அனுப்பினேன்.

விளக்கு எரிந்த நேரம்: 7.10 – 9.05. அணைத்தது நான் இல்லை.