கை காட்டிய குற்றம்

“நீ என்ன வக்கீலாம்மா?”

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில், ஊரே பார்க்க ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். ‘ஃபேக்டரி யூனிஃபார்ம் போட்ட பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்பதும் அந்தத் தோரணையிலேயே இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முனிரத்னம்மா பூ விற்கிறார். பூவைவிட அவர் அதிகம் கொடுப்பது வழிதான். ராயக்கோட்டை பஸ் எங்கே, கண் டாக்டர் எங்கே, கம்பெனி வேன் எங்கே நிற்கும்... தமிழில் கேட்டால் தமிழில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கு அவருக்கு வீட்டு மொழி. எந்த மொழியில் கேட்டாலும் பூச்சரத்தோடு கை நீளும்.

அங்கேயே டீக்கடைச் சந்துக்குள், மாடியில், ஒரு ரெக்கார்டிங் சென்டர். காலி கேசட்டைக் கொடுத்து வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் மறுநாள் பதிந்து தருவார்கள். யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? யாரிடமும் இல்லை. அதனால்தான் போர்டும் இல்லை.

“பாட்டுக் கடை எங்கக்கா?”

“அதோ, டீக்கடை சந்து. மாடிப்படி ஏறி எடது பக்கம்.”

அவர் அனுப்பிய ஆள் மேலே போய்ச் சேர்ந்ததும், மாடிக்காரர் ஸ்பீக்கரில் ஒரு பழைய பாட்டைப் போடுவார் — முனிரத்னம்மாவுக்குப் பிடித்த பாட்டு. ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கும் சாயங்காலங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஓசூர்க் குளிர் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். கனகாம்பரம் கட்டும் விரல்கள் அந்தத் தாளத்துக்கே போகும். கண்டக்டர்களின் கூவல் எங்கோ தூரத்தில்... பஸ் ஸ்டாண்டே தரையை விட்டு ஓரடி எழும்பி மிதப்பது போல இருக்கும்.

போன மாதம் ஒரு நாள், நான் வேனிலிருந்து இறங்கும் நேரத்தில், சென்னையிலிருந்து கேசட் கம்பெனி ஆள் போலீஸோடு வந்தார். மாடிக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். மூட்டை மூட்டையாகக் கேசட்டுகள் இறங்கின. அதோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியே இல்லை.

“சார், இந்தம்மாதான் ஆள் அனுப்பறது. இவங்களையும் ஏத்துங்க” என்றார் கம்பெனி ஆள்.

“நா என்ன சாமி பண்ணேன்? கேட்டாங்க, கை காட்டுனேன்.”

“அது திருட்டுப் பாட்டுன்னு தெரியுமா தெரியாதா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“பாட்டை எப்பிடி சாமி திருடறது? பாடுனவங்ககிட்டயே இருக்குதில்ல?”

“சரி, அனுப்புனதுக்கு உனக்கு என்ன குடுத்தான்?”

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். முனிரத்னம்மாவுக்கு அது வரவில்லை.

“எம் பாட்டைப் போடுவாரு சாமி.”

“ஆங்... அப்ப கூலி வாங்கியிருக்க. ஏறும்மா ஜீப்புல.”

பூக்கூடை சாய்ந்து சாமந்தி ரோட்டில் உருண்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வாயை மூடிக்கொண்டு நிற்கவா வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் டிகிரி வாங்கினேன்?

“சார், பதிஞ்சது இவங்க இல்ல. வித்தது இவங்க இல்ல. வழி சொன்னது குத்தமா?”

அப்போதுதான் அந்தக் கேள்வி — நீ என்ன வக்கீலாம்மா?

“இல்ல சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போர்டே இல்லாத கடை... நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

சப்-இன்ஸ்பெக்டர் கம்பெனி ஆளைப் பார்த்தார். கம்பெனி ஆள் தன் ஷூவைப் பார்த்தார்.

“காலையில இவருதான் கேட்டாரு சாமி,” என்றார் முனிரத்னம்மா, வெகுளியாக. “நாந்தான் கை காட்டுனேன். இவரு போனதுக்கும் பாட்டு போட்டாங்களே!”

டீக்கடையே சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டரின் மீசைகூட லேசாக அசைந்தது. “போம்மா, போயி பூவ வில்லு.”

ஜெயித்துவிட்டேனா? அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் வேனில் யோசிக்க யோசிக்கத்தான் குழம்பியது. அந்தப் பாட்டுக்காக உழைத்தவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லையே? தெரிந்தே கை காட்டினால் அது வேறா? பதிலுக்கு ஒரு பாட்டு கிடைத்தால் அது கூலியா, பிரியமா? கண் டாக்டருக்கு நீண்ட அதே கைதான் அங்கேயும் நீண்டது. எந்த இடத்தில் கோடு போடுவது? எனக்குத் தெரியவில்லை. அன்று நான் சொன்னது வாய்ச் சாமர்த்தியம்; சட்டம் அல்ல.

போன வாரம் ஒரு பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, கண் டாக்டர் எங்கே என்று கேட்டார்.

“தெரியாதுங்க.”

டாக்டரின் போர்டு அங்கிருந்தே தெரிகிறது! முனிரத்னம்மா நிமிரவில்லை. கை மடியிலேயே கிடந்தது. மேலே ஸ்பீக்கரும் இல்லை. அந்தச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் தரையில்தான் இருந்தது... ஜீப்பிலிருந்து அவரைக் காப்பாற்றினேன். அந்தக் கையைக் காப்பாற்றவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, பெங்களூர் பஸ் எங்க நிக்கும்?”

“உனக்குத் தெரியாதா கண்ணு? தெனமும் இங்கதான எறங்கற?”

“தெரியாது. நீங்க சொல்லுங்க.”

“அங்க என்ன ஜோலி உனக்கு?”

“சாயங்கால லா காலேஜ்ல சேந்துட்டேன்க்கா. இன்னிக்கு மொத கிளாஸ்.”

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பிறகு, சரம் தொங்கத் தொங்க, அந்தக் கை மெல்ல எழுந்தது.

அவர் காட்டிய பக்கம்தான் பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.