பதினாறாம் நம்பர் பயில்வான்

போன வாரம் மகள் தன் போனை நீட்டி, "அப்பா, நீங்க சொல்ற பொம்மைங்க இதானா?" என்று கேட்டாள்.

அதேதான். சுண்டுவிரல் உயர ரப்பர் பயில்வான்கள். எங்கள் மலையூரான பேத்துப்பாறையில் சிறுவயதில் மிட்டாய் பாக்கெட்டுக்கு ஒன்று வரும். பாதத்தில் நம்பர் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் இருபத்துநாலு பேரின் படமும் இருக்கும்.

யாரோ ஒருவர் மொத்த செட்டையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தார். பதினைந்துக்கும் பதினேழுக்கும் நடுவே காலியிடம். கீழே ஒரு வரி... பதினாறு தயாரிக்கப்படவே இல்லையாம். இதுவரை யாரிடமும் கிடைத்ததில்லையாம்.

போனைப் பிடுங்கி மறுபடி படித்தேன். ஏன் தெரியுமா? அதைத் தொலைத்தவனே நான்தான்!

நானும் நண்பன் செல்வமும் கூட்டாகச் சேர்த்த செட் அது. ஒற்றைப்படை அவனிடம், இரட்டைப்படை என்னிடம். ஒருநாள் பரப்பிவைத்து எண்ணினால் பதினாறைக் காணோம். இரட்டைப்படை என் பொறுப்பு... பழியும் என் மேல். பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. இரண்டு நாள் யோசித்து, ஓடையில் விட்டுவிட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டேன். பதினாறின் பச்சை டிரவுசர் தண்ணீரோடு போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தண்டமாக, என் உயிரான எட்டாம் நம்பரைக் கொடுத்தேன்.

செல்வம் இன்று ஜீப் டிரைவர். எட்டாம் நம்பர் அவன் டேஷ்போர்டில். எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், பந்தியில் வைத்தே, பதினாறு கெடச்சுச்சா என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ஏன் செய்யாமல் விட்டார்கள்? அச்சு உடைந்ததா? பச்சை ரப்பர் தீர்ந்ததா? பூண்டு மண்டியில் வேலை பார்த்தபோது கண்டிருக்கிறேன் — சாக்குக்கு நம்பர் போடுகிறவர் டீ குடித்துவிட்டு வந்தால் பதினைந்துக்கு அடுத்து பதினேழு என்று எழுதிவிடுவார். சாக்கு குறையாது, நம்பர்தான் குறையும். ஆனால் இதற்குப் படம் இருந்ததே! அந்தப் படத்தைத்தான் நான் ஓடையில் விட்டேனா?

மறுநாளே ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்ச் செல்வத்திடம் அந்தப் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அப்ப ஓடையில போனது என்னலே?"

அவன் டேஷ்போர்டிலிருந்து எட்டாம் நம்பரைப் பெயர்த்தான். பசை வட்டம் மட்டும் மிச்சம்.

"இந்தா, ஒன் பொருளு. சின்ன வயசுல ரொம்பத்தான் படுத்திட்டேன்."

இத்தனை வருடக் கனம் இறங்கிவிட்டது. வீடுவரை பறந்துதான் வந்தேன். வந்து உட்கார்ந்ததும் கவலை பிடித்துக்கொண்டது — நாளைக்கு அவனுக்கு வத்தலக்குண்டு டிரிப். பனிமூட்டம் வேறு. எட்டு ஏறிய நாளிலிருந்து அந்த ஜீப்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது இல்லாமல் மலை இறங்குகிறானே...

வெள்ளனே எழுந்து ஓடினேன்.

"ஏலே, இது இங்கேயே இருக்கட்டும்."

சிரித்தான். பழைய பசை வட்டத்திலேயே சரியாக ஒட்டினான். வண்டியைக் கிளப்பிவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"எதுக்கும் பதினாற வீட்ல ஒருக்கா நல்லாத் தேடிப் பாரு."

வந்ததும் தேடினேன்.